காத்திருப்பில் கரையும் உயிர்கள்

தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்தில் விடியற்காலையிலேயே கூட்டம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. சியால்டா தெற்குப் பிரிவில், பட்ஜ் பட்ஜ் செல்லும் தடத்தில் உள்ள சிறிய நிலையம் அது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், காய்கறி விற்போர் எனப் பலரும் அங்கே இறங்குகின்றனர். சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அன்றாட வாழ்க்கை இவர்களுடைய உழைப்பால்தான் நகர்கிறது. மாலையானதும் நெரிசல் மிகுந்த ரயில்களின் வாசற்கம்பியைப் பற்றிக்கொண்டு இவர்கள் தெற்கு 24 பர்கானா மாவட்டத்துக்குத் திரும்புகின்றனர்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால், இப்பகுதியில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். அருகிலுள்ள டாலிகஞ்சில் எம்.ஆர்.பாங்கூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட்டைக் கடந்து வடக்கே சென்றால் பவானிபூரில் சம்புநாத் பண்டிட் மருத்துவமனை, அதற்கும் அப்பால் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, அதனை ஒட்டிப் பாங்கூர் நரம்பியல் நிறுவனம். தாக்குரியா பக்கம் திரும்பினால் பெரிய தனியார் மருத்துவமனைகள். ஆனால் தலையில் அடிபட்டு உயிருக்குப் போராடும் ஓர் உழைப்பாளிக்கு இந்த வரைபடம் எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை, இந்திய உச்சநீதிமன்றத்தின் ஆவணங்களிலேயே படித்துக்கொள்ளலாம்.

பதினான்கு மணி நேரம்

1992 ஜூலை 8, இரவு 7.45 மணி. தெற்கு 24 பர்கானாவின் மதுராபூர் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த காயம். மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சைக்குரிய வசதி இல்லாததால், டயமண்ட் ஹார்பர் உட்கோட்ட மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுமாறு கூறப்பட்டது. இரவு 11.45 மணியளவில் கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைந்தனர். உடனடியாக உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று அங்கிருந்த மருத்துவர் பரிந்துரைத்தார். ஆனால் படுக்கை இல்லை.

அடுத்ததாகக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கும் படுக்கை இல்லை. நள்ளிரவு கடந்து 1 மணிக்குச் சம்புநாத் பண்டிட் மருத்துவமனை. அங்கே நரம்பியல் அவசரப் பிரிவு இல்லை. 2 மணிக்குக் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, படுக்கை இல்லை. காலை 8 மணிக்குப் பாங்கூர் நரம்பியல் நிறுவனம். தனியார் மருத்துவமனையில் 1,310 ரூபாய் செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்த அங்குள்ளோர், மூளையின் முன்பகுதியில் இரத்தக் கசிவு இருப்பதையும் அது அவசரச் சிகிச்சைக்குரியது என்பதையும் கண்டறிந்தனர். ஆனால் அத்தகைய நோயாளியைக் கையாள அங்கே இயலாது என்றனர். காலை 10 மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, அங்கும் நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி இல்லை என்ற பதிலே கிடைத்தது. இறுதியில் ஒரு தனியார் மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொண்டது. ஜூலை 22 வரை அங்கே சிகிச்சை பெற்றார். செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய். அன்றைய விவசாயத் தொழிலாளி ஒருவரின் ஆண்டு வருமானத்தையே விழுங்கக்கூடிய தொகை அது.

விழுந்த நேரத்திலிருந்து எஸ்.எஸ்.கே.எம். வாசல் வரை பதினான்கு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. கொல்கத்தாவின் ஆறு அரசு மருத்துவமனைகளில் எதுவும் அவரை உள்ளே அனுமதிக்கவில்லை. அவர் உயிர் பிழைத்தார் என்பது உண்மை. ஆனால் அது பொது மருத்துவ அமைப்பின் சாதனை அன்று.

தாமதத்தின் கணக்கு

அவசர அறுவை சிகிச்சையில் காத்திருப்பு வெறும் அசௌகரியம் அல்ல. மண்டை ஓட்டுக்குள் கசியும் இரத்தத்திற்கு விரிந்து செல்ல இடமில்லை. ஆகவே அது மூளையை நெரிக்கிறது. குடலிலோ இரைப்பையிலோ துளை விழுந்தால், அதன் உள்ளடக்கம் வயிற்றறைக்குள் பரவி, கிருமித்தொற்று இரத்தத்தில் கலக்கிறது. முதல் மணி நேரத்தில் ஒரு தையலோடு முடியக்கூடிய சிகிச்சை, மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் காப்பாற்ற முடியாத நிலைக்குச் சென்றுவிடலாம்.

இதை எண்களும் உறுதிசெய்கின்றன. மூளை உறைக்கு அடியில் இரத்தம் உறைந்த 82 நோயாளிகளைப் பற்றி 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 4 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தனர். அதைவிடத் தாமதமானவர்களில் 90 விழுக்காட்டினர் இறந்தனர். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை என்றாலும், இத்தகைய காயத்தில் காத்திருக்க நேரமில்லை என்பது மருத்துவ உலகின் பொதுக் கருத்தாக நிலைபெற்றது. வயிற்றுப்புண் வெடித்துத் துளை விழுந்த நோயாளிகளை டென்மார்க்கில் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, முதல் ஒரு நாளில் அறுவை சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 2.4 விழுக்காடு குறைகிறது என்று கண்டது.

கனடாவின் ஒட்டாவா மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சை பெற்ற 15,160 பேரைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அவர்களுள் 2,820 பேருக்கு, அவரவர் நோய்நிலைக்கு வகுக்கப்பட்ட கால வரம்பைக் கடந்தே சிகிச்சை கிடைத்தது. உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 3.2 விழுக்காட்டினரும், தாமதமானவர்களில் 4.9 விழுக்காட்டினரும் உயிரிழந்தனர். தாமதமானவர்கள் ஏறத்தாழ ஒரு நாள் கூடுதலாக மருத்துவமனையில் தங்கினர். அவர்களுக்கான செலவும் மிகுந்தது. அறுவை அரங்குகளையும் ஊழியர்களையும் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவதாகக் கூறும் நிர்வாகங்களுக்கு இதுவே பதில். தாமதம் சிக்கனம் அல்ல. மருத்துவமனைக்கே அது கூடுதல் செலவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாவற்றையும் கண்மூடி விரைவுபடுத்துவது தீர்வாகாது. இடுப்பு மூட்டு எலும்பு முறிந்த 2,970 பேரிடம் 17 நாடுகளில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான பெரிய சோதனையில், 6 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை என்ற இலக்கு, ஒரு நாள் அளவுக்குக் காத்திருந்து செய்வதைக் காட்டிலும் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்துவிடவில்லை. ஆயினும் மனக்குழப்பம் போன்ற சிக்கல்கள் குறைந்தன. நோயாளிகள் விரைவில் எழுந்து நடந்தனர். சில நோயாளிகளுக்கு இரத்தம் ஏற்றி, மூச்சைச் சீராக்கி, உடலை நிலைப்படுத்திய பிறகே கத்தியை எடுக்க வேண்டும். ஆக, மருத்துவக் காரணத்திற்காகக் காத்திருப்பது வேறு. படுக்கை, மயக்கவியல் மருத்துவர், அறுவை அரங்கு இவை இல்லாமையால் காத்திருப்பது வேறு. முன்னது சிகிச்சையின் ஒரு பகுதி. பின்னது அரசியல் முடிவுகளின் விளைவு.

மூன்றாவது தாமதம்

தாய்மார்களின் இறப்பை ஆராய்ந்த அறிஞர்கள் 1994இல் மூன்று வகைத் தாமதங்களைப் பிரித்துக் காட்டினர். மருத்துவ உதவியை நாடுவதென முடிவெடுப்பதில் நேரும் தாமதம் முதலாவது. மருத்துவமனையை அடைவதில் நேரும் தாமதம் இரண்டாவது. அடைந்த பிறகும் உரிய சிகிச்சை கிடைப்பதில் நேரும் தாமதம் மூன்றாவது. ஏழைகளின் அறியாமையைக் குறைகூறுவோர் முதலாவதைப் பற்றியே பேசுவர். ஆம்புலன்ஸ் வண்டிகளைக் கொடியசைத்து அனுப்பி வைக்கும் ஆட்சியாளர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேசுவர். மூன்றாவதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ஏனெனில் அது நிரந்தரப் பணியிடங்களையும் நிரந்தர நிதி ஒதுக்கீட்டையும் கோருகிறது.

மதுராபூர்த் தொழிலாளியின் வழக்கில் மூன்றாவது தாமதம் முழு உருவத்தில் வெளிப்பட்டது. அவர் உறுப்பினராக இருந்த பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் அமைப்பு உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 மே 6 அன்று நீதிபதிகள் எஸ்.சி.அகர்வால், ஜி.டி.நானாவதி அமர்வு தீர்ப்பளித்தது. உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை அளிக்க அரசு மருத்துவமனை தவறுவது, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது. நிதி இல்லை என்று கூறி இக்கடமையிலிருந்து அரசு விலகிவிட முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவி வசதி, மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகளை மேம்படுத்துதல், எங்கே படுக்கை உள்ளது என்பதை உடனே அறிந்து நோயாளியை அங்கே அனுப்புவதற்கான மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு, போதிய ஆம்புலன்ஸ் வசதி ஆகியவற்றையும் வலியுறுத்தியது. வழக்கில் இல்லாத பிற மாநிலங்களும் இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்றது. தமிழ்நாட்டிற்கும் இது பொருந்தும்.

தவிர்க்கக் கூடாத சுயவிமர்சனம்

இடதுசாரிகள் இவ்வழக்கை நினைவுகூரும்போது ஓர் உண்மையைக் கடந்து சென்றுவிடக் கூடாது. 1992இல் மேற்கு வங்கத்தை ஆண்டது இடது முன்னணி. குத்தகை விவசாயிகளின் பெயர்களைப் பதிவுசெய்து அவர்களுக்கு நிலத்தில் உரிமையை நிலைநாட்டிய ஆட்சி அது. ஊராட்சிகளுக்கு உயிரூட்டிய ஆட்சி அது. அந்த ஆட்சிக் காலத்தில்தான் ஒரு விவசாயத் தொழிலாளி மாநிலத் தலைநகரில் ஓர் இரவு முழுவதும் வாசல் வாசலாகத் திருப்பி அனுப்பப்பட்டார். மாநில அரசு ஓய்வுபெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்ததும், குழுவின் பரிந்துரைகளின்படி மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியதும் பதிவாக வேண்டியவையே. ஆயினும் குடிமகனின் உயிர்வாழும் உரிமையை ஒரு நீதிமன்றம் அந்த அரசுக்கு நினைவூட்ட நேர்ந்தது என்பது ஆழமாகச் சிந்திக்க வேண்டிய செய்தி. நிலத்தை மீட்டுத் தரும் இயக்கம், அந்நிலத்தில் உழைப்பவரின் உடலைக் காக்கும் அமைப்பையும் கட்டியெழுப்ப வேண்டும். ஒன்று முன்னேறி மற்றொன்று பின்தங்கினால், ஒரு விபத்து ஒரு குடும்பத்தின் ஆண்டுக்கணக்கான ஈட்டத்தை ஓரிரவில் அழித்துவிடும்.

கேரளத்திலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. 2017 ஆகஸ்டில் கொல்லம் அருகே விபத்தில் சிக்கிய திருநெல்வேலியைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர், வென்டிலேட்டர் இல்லை என்பது போன்ற காரணங்களால் பல மருத்துவமனைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு உயிரிழந்தார். முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே அக்குடும்பத்திடம் மன்னிப்புக் கோரினார். விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி உறுதிப்படுத்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. மன்னிப்பு உயிரை மீட்டுத் தராது. ஆனால் தவற்றை ஒப்புக்கொள்ளாத எந்த அரசாலும் அதைத் திருத்தவும் முடியாது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்

2011இல் மேற்கு வங்கத்தில் ஆட்சி மாறியது. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதை எதிர்த்து இளம் மருத்துவர்கள் வீதிக்கு வந்தனர். அக்டோபரில் தர்மதலாவில் சாகும்வரை உண்ணாநிலைப் போராட்டம் நடத்தியபோது அவர்கள் முன்வைத்த பத்துக் கோரிக்கைகளில், அனைத்து அரசு மருத்துவமனைகளுக்கும் பொதுவான மையப் பரிந்துரை ஏற்பாடும், காலிப் படுக்கைகளைக் கணினித் திரையில் காட்டும் ஏற்பாடும் இடம்பெற்றிருந்தன. அதாவது, 1996இல் உச்சநீதிமன்றம் சொன்னதையே 28 ஆண்டுகள் கழித்து மருத்துவர்கள் பட்டினி கிடந்து கேட்க வேண்டியிருந்தது. போராட்டத்தின் அழுத்தத்தால் அம்மாதமே தெற்கு 24 பர்கானாவில் அந்த ஏற்பாடு சோதனை முறையில் தொடங்கியது. சோனார்பூர் மருத்துவமனையிலிருந்து நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவமனை, லேக் கார்டன்ஸுக்கு அருகிலுள்ள எம்.ஆர்.பாங்கூர்தான்.

தாமதத்தின் முழுப் பழியையும் மருத்துவர்கள்மீது சுமத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். 2019 ஜூனில் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவமனையில் நோயாளி ஒருவர் இறந்ததை அடுத்து இளம் மருத்துவர்கள் தாக்கப்பட்டனர். நாடு முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உறவினர்களின் துயரம் உண்மையானது. ஆனால் இரவுப் பணியில் தனித்து நிற்கும் இளம் மருத்துவர் படுக்கைகளின் எண்ணிக்கையை முடிவு செய்பவர் அல்லர்; காலிப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருப்பவரும் அல்லர். நோயாளியும் மருத்துவரும் மோதிக்கொள்ளும்போது, பற்றாக்குறையை உருவாக்கியவர்கள் பாதுகாப்பாக மறைந்துகொள்கின்றனர்.

அட்டை அறுவை அரங்காகுமா?

அந்தப் பற்றாக்குறைக்கு மாற்றாக ஆட்சியாளர்கள் நீட்டுவது காப்பீட்டு அட்டையை. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத், மேற்கு வங்கத்தின் ஸ்வாஸ்த்ய சாத்தி, தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆகிய அனைத்தும் நோயாளியின் கையில் வாங்கும் சக்தியைத் தருவதாகக் கூறுகின்றன. ஆனால் நள்ளிரவு 2 மணிக்குக் குடல் துளைத்த நோயாளிக்குத் தேவைப்படுவது அட்டை அன்று. பணியிலிருக்கும் அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர், இரத்த வங்கி, தயார் நிலையிலுள்ள அரங்கு ஆகியவையே அவருக்குத் தேவை. அவசரத்திற்கென எப்போதும் ஓர் அரங்கைக் காலியாக வைத்திருப்பது இலாப நோக்கின் பார்வையில் வீண் செலவு. பொதுத்துறை மட்டுமே அச்செலவை ஏற்க முடியும், ஏற்கவும் வேண்டும்.

தாக்குரியாவின் ஆம்ரி தனியார் மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலை மூண்ட தீயில் 90க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகையைக் கண்டு முதலில் ஓடிவந்து நோயாளிகளை மீட்டவர்களுள் பக்கத்திலுள்ள பஞ்சானன்தலா குடிசைப்பகுதி மக்கள் முன்னணியில் இருந்தனர். அந்த மருத்துவமனையின் கட்டணம் அவர்களுடைய வருமானத்திற்கு எட்டாதது. நெருக்கடியில் உயிரைப் பணயம் வைத்து உதவியவர்கள், தாம் நோயுறும்போது அரசு மருத்துவமனையின் வராந்தாவில்தான் காத்திருக்க வேண்டும். மருத்துவமனை வீட்டுக்கு அருகில் இருப்பது வேறு. அதன் கதவு தமக்குத் திறப்பது வேறு.

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசுகளின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக வாக்களித்தது. ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் அது 1.84 விழுக்காடு மட்டுமே. மொத்த சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்தினர். படுக்கை இல்லை என்ற பதில் இந்த எண்களில்தான் பிறக்கிறது.

தமிழ்நாடு செய்தது, செய்ய வேண்டியது

தமிழ்நாடு பல மாநிலங்களைவிட முன்னேறியிருப்பதை மறுக்க வேண்டியதில்லை. 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை கிராமங்கள்வரை பரவியுள்ளது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை எம்மாநிலத்தவர் என்று பாராமல் இலவசமாக அளிக்கிறது. ஒன்றிய அரசும் 2025 மே மாதம், சாலை விபத்தில் காயமடைவோருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது.

ஆனால் இவை சாலை விபத்தோடு நின்றுவிடுகின்றன. மதுராபூரில் ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளி இன்று விழுந்தாலும் இத்திட்டங்களின் வரையறைக்குள் வரமாட்டார். சாரத்திலிருந்து விழும் கட்டுமானத் தொழிலாளி, குடல்வால் வெடித்த சிறுவன், பேறுகாலச் சிக்கலில் தவிக்கும் தாய் ஆகியோருக்கும் நேரம் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. உயிரைக் காக்கும் உரிமை, காயம் நேர்ந்த இடத்தைப் பொறுத்து மாறலாகாது.

ஆகவே இயக்கம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் அவசர நோயாளி வந்த நேரத்தையும் அறுவை அரங்கிற்குள் நுழைந்த நேரத்தையும் பதிவுசெய்து, அக்கணக்கை மாதந்தோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். ஏற்கும் மருத்துவமனை படுக்கையை உறுதிசெய்யாமல் எந்த நோயாளியும் வேறிடத்திற்கு அனுப்பப்படலாகாது. மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர், அரங்கத் தொழில்நுட்பர் ஆகியோரின் இரவுப் பணி நிரந்தரப் பணியிடங்களால் நிரப்பப்பட வேண்டும். ஒப்பந்த முறை கைவிடப்பட வேண்டும். அவசரச் சிகிச்சைப் பாதுகாப்பு அனைத்து அவசர நிலைகளுக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை மனுவாகக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. கட்சிக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகளும் தத்தம் பகுதி மருத்துவமனையில் இரவில் எத்தனை மருத்துவர்கள் உள்ளனர், எத்தனை நோயாளிகள் எங்கே திருப்பி அனுப்பப்படுகின்றனர் என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். மருத்துவர், செவிலியர் சங்கங்களோடு தோள்சேர்ந்து அக்கணக்கை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். மதுராபூர்த் தொழிலாளிக்கு நீதி கிடைத்ததும் அவர் ஓர் அமைப்பின் உறுப்பினராக இருந்ததால்தான். அமைப்பு இல்லாதிருந்தால் அந்த இரவு, கணக்கில் வராத ஆயிரக்கணக்கான இரவுகளுள் ஒன்றாக மறைந்திருக்கும்.

லேக் கார்டன்ஸ் நிலையத்திலிருந்து இன்று மாலையும் நெரிசல் மிகுந்த ரயில்கள் தெற்கு நோக்கிப் புறப்படும். வாசற்கம்பியைப் பற்றி நிற்பவர்களுள் ஒருவருக்குக் கை தவறினால், 1992இன் இரவு திரும்பி வரக் கூடாது. அதை உறுதிசெய்வது அரசின் கடமை. அக்கடமையை நிறைவேற்றச் செய்வது இயக்கத்தின் கடமை.